லிப்ட் என்றால் வேலையா, ஃபவுலா?

ஒரு வாசகர் கேட்டது, 2024 ஏப்ரல் 11

அண்ணாச்சி, உங்கள் களியக்காவிளைப் பக்கம் வாலிபாலில், அடிக்கிறவனுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கும் செட்டரை 'லிப்டர்' என்கிறார்கள். லிப்ட் என்பது பந்தைக் கையில் வாங்கித் தூக்கிவிடும் ஃபவுல். நான் பார்க்கிற வெளிநாட்டு மேட்ச் கமெண்டரியில் அப்படித்தான் சொல்கிறார்கள். ஃபவுலின் பெயரை ஆளுக்கு வைத்து விளையாடுவது உங்கள் ஊரில்தான். எது சரியான சொல், எதற்கு என்ன பொருள் என்று யாராவது எழுதினால் நல்லது.

ஏப்ரல் 11, இரவு 10.40

எங்கள் ஊரில்தான் என்று எப்படி முடிவு கட்டினாய் தம்பி? எல்லை தாண்டிக் கேரளாவில், பாறசாலையில் கேள், நெய்யாற்றின்கரையில் கேள். இந்தியாவில் பழைய ஆட்டக்காரர்கள் லிப்டர் என்பார்கள், இல்லாவிட்டால் பூஸ்டர் என்பார்கள். செட்டர் என்ற சொல் எங்கள் மைதானத்துக்கு டிவி வழியாக வந்தது. நான் 19 வருஷம் லிப்டராக நின்றவன். உயரம் 5 அடி 6 அங்குலம். இந்த உயரத்துக்கு வேறு வேலை தரமாட்டார்கள்.

ஒரு பக்கத்துக்கு மூன்று தொடுகை. முதல் ஆள் பந்தை எடுக்கிறான், இரண்டாவது ஆள் நெட்டுக்கு மேலே தூக்கிக் கொடுக்கிறான், மூன்றாவது ஆள் அடிக்கிறான். எடு, பொக்கு, அடி. இந்த மூன்று சொல்லும் எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றுதான். 'பொக்கு' என்பதை இங்கிலீஷில் சொன்னால் லிப்ட். அதில் என்ன குற்றம் கண்டுபிடித்தாய்?

பட்டியல் எல்லாம் போட வராது. ஞாபகம் வருகிற வரிசையில் எழுதுகிறேன்.

ஏப்ரல் 12, காலை

கடை திறக்கும் முன் விதிப் புத்தகத்தைப் புரட்டினேன். சர்வதேச வாலிபால் சம்மேளனத்தின் புத்தகம் பந்தைத் தொடுவதில் நான்கு குற்றம் சொல்கிறது. நாலாவது முறை தொடுவது, கூட்டாளியைத் தாங்கலாக வைத்துத் தொடுவது, பந்தைப் பிடிப்பது, ஒரே ஆள் அடுத்தடுத்து இரண்டு முறை தொடுவது. அவ்வளவுதான். லிப்ட் என்று ஒரு ஃபவுல் அதில் இல்லவே இல்லை. அமெரிக்கக்காரர்கள் பேச்சில் சொல்வது அது. நாங்கள் அதே ஃபவுலை 'ஹோல்டிங்' என்போம்.

ஆகவே ஊர்க்காரன் சொல் ஜெயித்தது. டீ குடிக்கப் போகிறேன்.

ஏப்ரல் 12, மாலை

கொஞ்சம் துள்ளிவிட்டேன். பந்தைப் பிடித்த குற்றத்துக்கு ரெப்ரி காட்டும் சைகை என்ன தெரியுமா? உள்ளங்கை மேலே பார்க்க, முன்கையை மெதுவாக உயர்த்துவது. ஏதோ தட்டில் வைத்துத் தூக்குகிற மாதிரி. பெயரில் லிப்ட் இல்லை, சைகையில் முழுக்க லிப்ட்தான். தம்பிக்கு அரை பாயிண்ட் கொடுத்துவிடுகிறேன்.

அந்தச் சைகையை என் வாழ்க்கையில் மறக்க முடியாதபடி ஒரு முறை பார்த்திருக்கிறேன். அப்புறம் சொல்கிறேன்.

ஏப்ரல் 14

இன்று சித்திரை ஒன்று, அந்தப் பக்கம் விஷு. இங்கே பாதி வீட்டில் இரண்டும் உண்டு. சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன், அந்தக் கதையைச் சொல்லிவிடலாம்.

1994. எல்லையைத் தாண்டி உள்ளே ஒரு வயலில் ராத்திரி டோர்னமென்ட். அறுவடை முடிந்த வயல், கமுகுத் தடி நட்ட கேலரி, நான்கு மூலையில் லைட், நடுவில் சுண்ணாம்புக் கோடு. முதல் பரிசு கோப்பையும் ஒரு பெரிய ஏத்தன் வாழைக்குலையும். கோப்பையை யார் பார்த்தார்கள், எல்லோர் கண்ணும் குலை மேல்தான். பைனல் மூன்றாவது செட், 14–13, சர்வீஸ் எங்கள் கையில். மணி இரண்டு தாண்டிவிட்டது. பனியில் தோல் பந்து ஊறி, நனைந்த தேங்காய் மாதிரி கனக்கிறது.

அவர்கள் அடித்த பந்தை எங்கள் ஆட்கள் பின்னாலிருந்து அழகாக எடுத்துக் கொடுத்தார்கள். நடுவில் என் கூட்டாளி தயாராக நின்றான். அவனுக்குக் கொடுக்கப் போய், கடைசி நொடியில் மனசு மாறி, பின்பக்கம் தலைக்கு மேலே தூக்கிப் போட்டேன். அங்கே பிளாக் இல்லை, நெட்டருகே எழும்பித் தடுக்க ஆள் கிடையாது. அடித்திருந்தால் குலை எங்களுக்கு. விசில் கேட்டது. திரும்பிப் பார்த்தால் ரெப்ரி உள்ளங்கையை மெதுவாக உயர்த்துகிறார்.

சர்வீஸ் போயிற்று. அப்புறம் செட்டும் போயிற்று. ரெப்ரி அந்தப் பக்கத்துக்காரர். 'எல்லை தாண்டி வந்தவனுக்கு எல்லை தாண்டின நியாயம்' என்று 30 வருஷமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறேன். என் கல்யாணத்துக்கு வந்தவர்களிடம்கூடச் சொல்லியிருக்கிறேன்.

ஏப்ரல் 15

'14–13இல் சர்வீஸ் போனால் எதிராளிக்கு ஒரு பாயிண்ட்தானே, 14–14தானே' என்று ஒருவர் கேட்கிறார். இல்லை. அது பழைய கணக்கு. சர்வீஸ் போடுகிற டீமுக்கு மட்டும்தான் பாயிண்ட். எதிராளி ஜெயித்தால் சர்வீஸ் அவன் கைக்கு மாறும், பாயிண்ட் ஏறாது. அதற்குப் பெயர் 'சைட் அவுட்'. 15 பாயிண்ட் செட். இரண்டு நல்ல டீம் மோதினால் பத்து நிமிஷத்துக்குப் பலகையில் எண் அசையாது. ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றுகிறவன்தான் முதலில் களைப்பான்.

எந்தப் பக்கம் ஜெயித்தாலும் பாயிண்ட் என்ற 'ராலி' கணக்கை 1998இல் முடிவு செய்து எல்லா செட்டுக்கும் கொண்டுவந்தார்கள். நான்கு செட் 25, ஐந்தாவது 15. ஐந்தாவது செட்டுக்கு மட்டும் 1988லேயே ராலி கணக்கு வந்துவிட்டது. எங்கள் வயல் டோர்னமென்ட்டுக்கு அதெல்லாம் வந்து சேர நாளாயிற்று.

சைட் அவுட் என்ற சொல் சாகவில்லை, வேலை மாறிவிட்டது. இப்போது எதிராளி சர்வீஸில் நாம் பாயிண்ட் எடுத்தால் அதுதான் சைட் அவுட். கமெண்டரியில் 'சைட் அவுட் சதவீதம்' என்று வந்தால் குழம்ப வேண்டாம்.

ஏப்ரல் 16

சிறு குறிப்பு. எடு, பொக்கு, அடி இரண்டு பக்கமும் ஒன்று என்றேன். ஒன்றில்லாதது ஒன்று உண்டு: 'போட்டே'. மலையாளத்தில் போகட்டும், விட்டுவிடு என்று பொருள். பந்து அவுட்டுக்குப் போகும்போது கத்துவார்கள். எங்களுக்குப் பழக்கம். ஒரு வருஷம் திருநெல்வேலியிலிருந்து வேலைக்கு வந்த பையன் ஒருவன் எங்களோடு விளையாடினான். பின்னாலிருந்து பாறசாலைக்காரர் 'போட்டே, போட்டே' என்று கத்த, இவன் 'போடு' என்று கேட்டுக்கொண்டு, அவுட்டுக்குப் போன பந்தைத் துரத்திப் பிடித்து ஓங்கிப் போட்டான். கேலரிக்குள் போய் விழுந்தது.

ஏப்ரல் 20

நேற்று இங்கே ஓட்டு. அந்தப் பக்கம் 26ஆம் தேதி. தேர்தல் முடிகிற வரை டோர்னமென்ட்டுக்கு அனுமதி இல்லை. இடது ஆள்காட்டி விரலில் மை. லிப்ட் பண்ணும்போது அந்த விரல்தான் பந்தை முதலில் தொடுகிறது என்பதை இன்று சாயங்காலம் வெள்ளைப் பந்தில் பார்த்தேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகு ஒரு புது விஷயம்.

சரி, சர்வீஸ் பற்றிக் கேட்டிருந்தார்கள்.

ஏஸ்: போட்ட சர்வீஸே நேரடியாகப் பாயிண்ட் ஆவது. யாரும் தொடாமல் விழுந்தாலும், தொட்டு எங்கோ பறந்தாலும் ஏஸ்தான். ஃபுட் ஃபால்ட்: அடிக்கிற நேரத்தில் கால் பின்கோட்டை மிதிப்பது. ஜம்ப் சர்வ் போடுகிறவன் கோட்டுக்குப் பின்னால் இருந்து எழும்பினால் போதும், அடித்த பிறகு உள்ளே இறங்கலாம். இதை நம்பாமல் எங்கள் ஊரில் சண்டை நடந்திருக்கிறது. விசில் அடித்து 8 செகண்டுக்குள் அடித்துவிட வேண்டும், சாமி கும்பிடுகிறவர்கள் சீக்கிரம் கும்பிடவும்.

ப்ளோட்: சுழலாமல் வரும் சர்வீஸ். பந்தைச் சுழற்றி அடித்தால் அது போகிற வழி தெரியும். சுழலாத பந்தைக் காற்று இங்கும் அங்கும் தள்ளும். நேராக வருகிற மாதிரி இருக்கும், நெஞ்சுக்குப் பக்கத்தில் வந்ததும் சட்டென்று விழும், அல்லது தோளுக்குப் போகும். என் மாமா அதை 'வௌவால்' என்பார். ப்ளோட்டை விட நல்ல பெயர் என்று இப்போதும் நினைக்கிறேன்.

சர்வீஸ் நெட்டில் உரசி அந்தப் பக்கம் விழுந்தால்? 2000 வாக்கில் விதி மாறிவிட்டது, ஆட்டம் தொடரும். அதற்கு முன் அது ஃபவுல். என் வயதுக்காரர்கள் இன்னும் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள், பந்து பக்கத்தில் விழுந்து உருளும்.

ஏப்ரல் 21

மாமா பெயரை எடுத்ததும் அவரே கூப்பிட்டுவிட்டார். (யாரோ இதை வாசித்துக் காட்டுகிறார்கள்.) 'பிளாக்கில் பட்டாலும் ஒரு டச் என்று எழுது லே' என்கிறார். இல்லை மாமா. பிளாக்கில் பட்டது கணக்கில் வராது, அதற்குப் பிறகும் மூன்று தொடுகை உண்டு.

ஏப்ரல் 23

மாமா சொன்னது பொய் இல்லை. அவர் விளையாடத் தொடங்கிய காலத்தில் பிளாக் ஒரு தொடுகையாகத்தான் எண்ணப்பட்டது. 1970களில் மாற்றினார்கள். அவர் ஞாபகத்தில் இருப்பது அவர் 20 வயதில் கற்ற விதி. யோசித்துப் பார்த்தால் எல்லோரும் அப்படித்தான். யார் எந்தச் சொல்லைச் சொல்கிறான் என்று கேட்டே அவன் எந்த வருஷம் மைதானத்துக்கு வந்தான் என்று சொல்லிவிடலாம். பூஸ்டர் என்றால் மாமா செட். லிப்டர் என்றால் நான். செட்டர் என்றால் என் பெண்.

அவர் காலத்தில் எதிராளி சர்வீஸையே பிளாக் பண்ணலாம். 1984 ஒலிம்பிக்குக்குப் பிறகு அதைத் தடுத்தார்கள். காலால் பந்தைத் தொடவும் அப்போது கூடாது. 1990களின் நடுவில்தான் உடம்பில் எந்த இடத்தில் பட்டாலும் சரி என்று ஆனது. கால்பந்து பைத்தியங்கள் நிறைந்த அந்தப் பக்கத்து டீம்கள் அந்த விதியை ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டன.

ஏப்ரல் 28

'பிளாக் அவுட்' என்ற சொல்லை விட்டுவிட்டேன். அடிக்கிறவன் வேண்டுமென்றே பிளாக் போடுகிறவனின் வெளிக்கையில் பந்தை உரசவிட்டு வெளியே அனுப்புவது. கடைசியாகத் தொட்டது பிளாக்காரன், ஆகவே பாயிண்ட் அடித்தவனுக்கு. உயரம் குறைந்த அடிக்காரர்களின் பிழைப்பே இதில்தான் ஓடுகிறது. விரல் நுனியில் பட்டதா இல்லையா என்று ரெப்ரி சந்தேகப்பட்டால் மைதானமே வக்கீல் ஆகிவிடும். பட்டது என்று அவர் தீர்மானித்தால், ஒரு கையைச் செங்குத்தாக வைத்து அதன் விரல் நுனியை மற்றக் கையால் துடைப்பது போலக் காட்டுவார்.

எங்கள் ஊரில் பிளாக் அவுட் என்றால் இன்னொரு பொருளும் உண்டு, ஜெனரேட்டர் நிற்பது. நாங்கள் தோற்கும் நேரத்தில் மட்டும் அது நிற்கும் என்று ஒரு குற்றச்சாட்டு உண்டு. மறுக்கிறேன்.

ஆன்டெனா பற்றிக் கேட்டவருக்கு: நெட்டின் இரண்டு ஓரத்திலும் நிற்கும் சிவப்பு வெள்ளைக் கம்பி. நீளம் 1.80 மீட்டர், நெட்டுக்கு மேலே 80 சென்டிமீட்டர் நீட்டியிருக்கும். பந்து இரண்டுக்கும் நடுவே கடக்க வேண்டும், கம்பியில் பட்டாலே அவுட். நாங்கள் மூங்கில் குச்சி கட்டினோம்.

மே 5

இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

இளமையில் நான் எப்படிக் குதிப்பேன் தெரியுமா, நெட்டுக்கு மேலே மணிக்கட்டு வரும் என்று பெருமை அடித்திருக்கிறேன். ஆண்களுக்கு நெட் உயரம் 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24. எனக்கு ஹார்ட்வேர் கடை. டேப் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பழைய மைதானத்தில் பையன்கள் நெட் கட்டியிருந்தார்கள். ஓரத்தில் அளந்தேன், 2.43 சரியாக இருந்தது. உயரத்தை அளக்க வேண்டியது நடுவில். ஓரம் அதைவிட 2 சென்டிமீட்டருக்கு மேல் கூடக் கூடாது என்பது விதி. நடுவில் அளந்தேன். 2.31.

'அண்ணே, இங்க எப்பவும் இப்பிடித்தான் கெட்டுவோம்' என்றான் ஒருத்தன். எப்பவும் என்றால்? 'நீங்க சொல்லித் தந்ததுதான.'

மே 7

ரொட்டேஷன் புரியவில்லை என்றவருக்கு. ஆறு இடம். சர்வீஸ் போடும் பின் வலது மூலை 1. அதற்கு நேர் முன்னால் நெட்டருகே 2, நெட்டில் நடு 3, நெட்டில் இடது 4, பின் இடது 5, பின் நடு 6. எதிராளியிடமிருந்து சர்வீஸைப் பிடுங்கும்போதெல்லாம் எல்லோரும் கடிகார முள் சுற்றுகிற பக்கம் ஒரு இடம் நகர வேண்டும். 2இல் நிற்பவன் 1க்கு வந்து சர்வீஸ் போடுவான். அதனால் எவ்வளவு பெரிய அடிக்காரனும் பாதி நேரம் பின்னால் நிற்க வேண்டும்.

பின்னால் நிற்பவன் நெட்டிலிருந்து 3 மீட்டரில் உள்ள கோட்டுக்குப் பின்னாலிருந்து எழும்பினால் அடிக்கலாம், கோட்டைத் தாண்டி முன்னால் விழுவது பரவாயில்லை. பின் நடுவிலிருந்து வரும் இந்த அடிக்கு இப்போது 'பைப்' என்று பெயர். நாங்கள் 'பேக் அடி' என்போம்.

வயலில் நாங்கள் ரொட்டேஷன் வைக்காமல்தான் ஆரம்பித்தோம். அவனவன் இடம் அவனவனுக்கு. 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டில் பக்கத்துக்கு ஒன்பது பேர் ரொட்டேஷன் இல்லாமல் ஆடும் வாலிபாலும் ஒரு போட்டியாக இருந்தது. ஆறு பேர் ஆட்டத்தில் இந்தியாவுக்கு அங்கே வெண்கலம், 1962 ஜகார்த்தாவில் வெள்ளி, 1986 சியோலில் மறுபடி வெண்கலம். அதற்கப்புறம் ஆண்கள் டீமுக்கு ஆசிய விளையாட்டுப் பதக்கம் இல்லை.

மே 8

சியோல் என்று எழுதியதும், அங்கே ஆடிய ஜிம்மி ஜார்ஜ் பற்றி ஏன் சொல்லவில்லை என்று மூன்று பேர். சொல்லாமல் இருப்பேனா. கண்ணூர் பேராவூர்க்காரர். 1976இல் அர்ஜுனா, வயது 21. எட்டு அண்ணன் தம்பிகள், எட்டுப் பேரும் வாலிபால். இத்தாலிக்குப் போய் அங்கே கிளப்புகளில் ஆடினார். 1987 நவம்பர் 30, அங்கேயே கார் விபத்தில் இறந்தார். வயது 32.

அப்போது எனக்கு 16. மறுநாள் எங்கள் மைதானத்தில் யாரும் நெட் கட்டவில்லை. யாரும் சொல்லி அல்ல. திருவனந்தபுரத்தில் அவர் பெயரில் இருக்கும் உள்ளரங்கத்துக்கு இங்கிருந்து பஸ்ஸில் 30 கிலோமீட்டர் சொச்சம்தான். முதல் முறை அங்கே மரத்தரையைப் பார்த்தபோது செருப்பைக் கழற்றிவிட்டேன். கோயில் என்று நினைத்தாயா என்று கூட்டாளி கேட்டான்.

நம்ம பக்கமும் குறைவில்லை. வாலிபாலுக்கு முதல் அர்ஜுனா 1961இல் வாங்கியவர் தமிழ்நாட்டு ஏ. பழனிசாமி. இந்தியாவுக்குக் கேப்டனாக இருந்த மோகன் உக்கிரபாண்டியன் தமிழ்நாட்டுக்காரர், அதிலும் லிப்டர். செட்டர் என்று திருத்த வேண்டாம், நான் இப்படித்தான் சொல்வேன்.

மே 12

'கைப்பந்து' என்று எழுதாமல் ஏன் வாலிபால், வாலிபால் என்கிறீர்கள் என்று ஒரு ஆசிரியர். பேப்பரில் கைப்பந்து என்றுதான் போடுகிறார்கள், தெரியும். ஹேண்ட்பாலையும் சில இடத்தில் கைப்பந்து என்கிறார்கள், யார் எதை ஆடினார்கள் என்று படத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. இலங்கைத் தமிழர்கள் கரப்பந்தாட்டம் என்பார்கள். அங்கே அதுதான் தேசிய விளையாட்டு. கேட்க எனக்குப் பிடிக்கும். ஆனால் எங்கள் மைதானத்தில் போய் 'கரப்பந்தாட்டத்துக்கு வாருங்கள்' என்றால் ஒரு பயல் வரமாட்டான்.

இத்தனைக்கும் வாலிபால் என்பதே முதல் பெயர் இல்லை. 1895இல் அமெரிக்காவில் ஹோலியோக் ஊரில் வில்லியம் மார்கன் இதை உருவாக்கியபோது வைத்த பெயர் 'மின்டொனெட்'. அடுத்த வருஷம் ஆட்டத்தைப் பார்த்த ஒருவர், பந்து தரையில் படாமல் வாலி ஆகிக்கொண்டே இருக்கிறதே என்று இந்தப் பெயரைச் சொன்னார். பெயர் மாறியதால் ஆட்டம் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. லிப்ட் தம்பி கவனிக்கவும்.

மே 19

மழை. மைதானம் குளம். டோர்னமென்ட் தள்ளிப்போயிற்று.

லிபரோ: வேறு நிறச் சட்டை போட்டு நிற்பவன். இத்தாலியச் சொல், சுதந்திரமானவன் என்று அர்த்தம். 1998இல் கொண்டுவந்தார்கள். பெயர்தான் சுதந்திரம், அவனுக்குத் தடைதான் அதிகம். சர்வதேச ஆட்டத்தில் சர்வீஸ் போடக் கூடாது, பிளாக் போடக் கூடாது, நெட்டுக்கு மேலே இருக்கும் பந்தை அடிக்கக் கூடாது. முன்பகுதியில் நின்று விரலால் தூக்கிக் கொடுத்தால் அதை நெட்டுக்கு மேலே வைத்து யாரும் அடிக்கக் கூடாது. பின்னால் விழுந்து புரண்டு எடுக்க மட்டும் முழு சுதந்திரம். என் மனைவி இதைக் கேட்டுவிட்டு, 'அப்ப வீட்டுக்கு வீடு ஒரு லிபரோ உண்டு' என்றாள். அடுத்த சொல்லுக்குப் போகிறேன்.

குயிக்: லிப்டர் கையை விட்டுப் பந்து கிளம்பும்போதே அடிக்கிறவன் காற்றில் இருக்க வேண்டும். பந்தைப் பார்த்துக் குதிப்பதில்லை, ஆளை நம்பிக் குதிப்பது. பந்து வராவிட்டால் அவன் வெறும் காற்றை அடித்துவிட்டு இறங்குவான், பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். நடு ஆளும் லிப்டரும் தினமும் சேர்ந்து ஆடாவிட்டால் வராது. எனக்கும் என் கூட்டாளிக்கும் ஒரு இருமல் போதும், குயிக்.

டபுள்: இதைப் பெரிதாக எழுத வேண்டும், ஏனென்றால் ஊர் ரெப்ரிகள் லிப்டர்களைக் கொல்வது இதில்தான். விரலால் தூக்கும்போது இரண்டு கையும் ஒரே நேரத்தில் படாமல் ஒன்றன்பின் ஒன்றாகப் பட்டால் அது இரண்டு தொடுகை, ஃபவுல். ரெப்ரி இரண்டு விரல் காட்டுவார். பந்து சுற்றிக்கொண்டு போனால் டபுள் என்று பலர் விசில் அடிக்கிறார்கள். சுற்றுவது குற்றமில்லை, இரண்டு முறை தொடுவதுதான் குற்றம். சத்தம் வந்தாலும் அடிக்கிறார்கள். ஈரப் பந்தில் எது செய்தாலும் சத்தம் வரும். அதோடு முதல் தொடுகைக்கு டபுள் கிடையாது, ஒரே அசைவில் உடம்பில் எத்தனை இடத்தில் பட்டாலும் சரி. ஆனால் பிடித்தல் முதல் தொடுகையிலும் குற்றம்தான்.

மே 26

நேற்று மழை விட்டது. என் பெண் பள்ளி டீமில் செட்டர். அவளுக்குப் பின்பக்கம் தூக்கிப் போடுவது வரவில்லை, காட்டித் தரச் சொன்னாள். பத்து முறை போட்டுக் காட்டினேன். அவள் தோழி போனில் வீடியோ எடுத்திருக்கிறாள், அதை மெதுவாக ஓடவிட்டுக் காட்டினாள்.

முன்னால் போடும்போது ஒன்றுமில்லை, நன்றாகவே இருக்கிறது. பின்னால் போடும்போது என் கை பந்தை வாங்குகிறது. வாங்கி நெற்றிவரை இறக்குகிறது. ஒரு கணம் வைத்துக்கொள்கிறது. அப்புறம் தூக்குகிறது. பத்து முறையில் ஏழு முறை.

'அப்பா, இது லிப்ட்' என்றாள். அவள் சொன்ன பொருளில்.

அது இப்போது வயதானதால் வந்த பழக்கம் என்று ராத்திரி எனக்கே சொல்லிப் பார்த்தேன். ஆனால் 1994இல் பந்து ஈரம். நடு ஆளுக்குக் கொடுக்கப் போய்க் கடைசி நொடியில் மனசை மாற்றினேன் என்று ஏப்ரல் 14இல் நானே எழுதியிருக்கிறேன். மனசு மாறுகிற நேரத்தில் பந்து எங்கே இருந்திருக்கும்? கையில்தான்.

ஏப்ரல் 14 குறிப்பில் ரெப்ரியைப் பற்றி எழுதியதை அப்படியே விட்டுவைக்கிறேன், அழித்தால் அது வேறு ஏமாற்று. ஆனால் வாசிக்கிறவர்கள் இதையும் சேர்த்து வாசிக்கவும்.

ஆகஸ்ட் 11

நெடுநாள் ஆயிற்று. நேற்றுப் பாரிஸ் ஒலிம்பிக் ஆண்கள் பைனல். கூட்டாளி வீட்டில் பார்த்தோம், அதே நடு ஆள். இப்போது ரப்பர் வெட்டுகிறான், முட்டி போய்விட்டது. பிரான்ஸ் போலந்தை 3–0 என்று முடித்தது. பிரான்ஸ் செட்டர் பிரிசார்ட் பின்னால் போடுகிற ஒவ்வொரு பந்தையும் நான் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தொட்டதும் போய்விடுகிறது. பிடிப்பதே இல்லை.

இரண்டாவது செட் முடிந்ததும் அவனிடம் சொன்னேன். 1994இல் அந்த ரெப்ரி அடித்தது சரி என்று இப்போது தோன்றுகிறது, 30 வருஷமாகத் தப்பாகத் திட்டிவிட்டேன் என்று.

அவன் டிவியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. 'எனக்கு அண்ணைக்கே தெரியும் மக்கா. நீ குயிக் போடப் போறேன்னு நெனச்சு நான் மேல சாடினேன். சாடி, இறங்கி, நிமிந்து பாத்தேன். பந்து அப்பவும் உனக்க கையிலதான் இருந்து.'

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

'கொல போன வெப்ராளத்துல இருந்த ஆளுகிட்ட என்னத்தச் சொல்ல' என்றான்.